கால்வெஸ்டன் 1900: தெரியாமல் போனதா, கேட்காமல் போனதா?

உப்பங்கழி | வெள்ளி இரவு 9:14

ஒரு வாரமாக இந்த ஒரு விஷயத்தையே குடைந்துகொண்டிருக்கிறேன். வீட்டில் திட்டு விழுகிறது. இங்கே கொட்டிவிட்டால் பாரம் குறையும்.

1900 செப்டம்பர் 8, சனிக்கிழமை. டெக்சாஸ் கரையோரம் கால்வெஸ்டன் தீவு. மக்கள்தொகை 37,000 சொச்சம். பருத்தி ஏற்றுமதியில் பணம் புரண்ட ஊர். ஆனால் ஊரின் மிக மேடான இடமே கடல் மட்டத்திலிருந்து ஒன்பது அடிக்குள்தான். அன்று ராத்திரி கடல் ஏறியது ஏறக்குறைய பதினைந்து அடி. இறந்தவர்கள் குறைந்தது 6,000 பேர். பொதுவாகச் சொல்லும் கணக்கு 8,000. அமெரிக்க வரலாற்றில் ஒரு புயலிலோ வெள்ளத்திலோ அத்தனை பேர் இறந்தது அதற்கு முன்பும் இல்லை, பிறகும் இல்லை.

"அந்தக் காலத்தில் செயற்கைக்கோளா இருந்தது, என்ன செய்திருக்க முடியும்" என்றுதான் நானும் நினைத்திருந்தேன். படிக்கப் படிக்க அப்படித் தோன்றவில்லை. கியூபாவின் தலைநகர் ஹவானாவில் பெலன் கல்லூரி என்று ஏசு சபைப் பாதிரியார்கள் நடத்திய இடம். அங்கே பெனிட்டோ வின்யெஸ் என்ற பாதிரியார் 1870லிருந்து மேகத்தைப் பார்த்தே புயல் சொல்லிக்கொண்டிருந்தார். உயரத்தில் இறகு மாதிரி இழுபட்டுக் கிடக்கும் கீற்று மேகங்கள் அடிவானத்தில் எந்தப் புள்ளியிலிருந்து விரிகின்றன, கீழே ஓடும் மேகம் எந்தப் பக்கம் போகிறது, காற்று எப்படித் திரும்புகிறது, இவ்வளவுதான் அவருடைய சரக்கு. அதை வைத்து 1875ல் பத்திரிகையிலேயே முன்னறிவிப்பு வெளியிட்டார். 1893ல் அவர் இறந்த பிறகு லொரென்சோ காங்கோய்ட்டே என்ற பாதிரியார் அந்த வேலையைத் தொடர்ந்தார்.

1898 போரில் ஸ்பெயின் தோற்றதும் கியூபா அமெரிக்கர் கைக்கு வந்தது. அவர்களும் ஹவானாவில் ஒரு வானிலை நிலையம் போட்டார்கள். உள்ளூர்க்காரர்கள் சும்மா பீதியைக் கிளப்புகிறார்கள் என்பது அமெரிக்க வானிலைத் துறைத் தலைவர் வில்லிஸ் மூரின் எண்ணம். 1900 ஆகஸ்டு கடைசியில், அதாவது புயல் காலத்தின் உச்சத்தில், கியூபாவிலிருந்து வானிலைத் தந்தி போவதையே அடைத்துவிட்டார்கள். அடைத்த சில நாளில் இந்தப் புயல் கியூபாவைத் தாண்டியது. வாஷிங்டன் சொன்னது: வடக்கே திரும்பி ப்ளோரிடாவைத் தாண்டி அட்லாண்டிக் பக்கம் போய்விடும். ஹவானா சொன்னது: இல்லை, இது மெக்சிகோ வளைகுடாவுக்குள் போகிறது.

தலைப்பில் இருப்பதுதான் என் கேள்வி.


சந்தேகப்பேர்வழி | வெள்ளி இரவு 9:40

கதை நன்றாக இருக்கிறது. "ஒரு ஞானி சொன்னான், அதிகாரி கேட்கவில்லை" என்பது எல்லாருக்கும் பிடித்த கதை. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போமே.

தந்தியை அடைத்தது முட்டாள்தனம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தந்தி போய்ச் சேர்ந்திருந்தால் மட்டும்? "வளைகுடாவுக்குள் போகிறது" என்றால் வளைகுடா எவ்வளவு பெரிசு? நியூ ஆர்லியன்ஸா, கால்வெஸ்டனா, மெக்சிகோவா? நடுக்கடலில் என்ன நடக்கிறது என்று சொல்ல ஆள் கிடையாது. லூயிசியானா என்ற நீராவிக் கப்பல் அதே வாரம் அதே புயலுக்குள் மாட்டிப் பிழைத்தது. ஆனால் கப்பலில் கம்பியில்லாத் தந்தி இல்லாததால் யாருக்கும் சொல்ல வழியில்லை. கப்பலிலிருந்து ரேடியோவில் ஹரிக்கேன் (அங்கே கடும்புயலுக்குப் பெயர்) செய்தி முதன்முதலில் வந்ததே 1909ல்தான்.

காங்கோய்ட்டே திசையைச் சரியாகச் சொன்னார். சரி. ஊரைச் சொன்னாரா?


உப்பங்கழி | வெள்ளி இரவு 9:52

நியாயமான கேள்வி. ஊரைச் சொல்ல யாராலும் முடிந்திருக்காது. ஆனால் வாஷிங்டன் சொன்னது எதிர்த்திசை அண்ணே. தெரியாது என்று சொல்வதும், தெரியும் என்று தப்பாகச் சொல்வதும் ஒன்றா?

இன்னொன்று. "ஹரிக்கேன்" என்ற சொல்லை அறிவிப்பில் போட உள்ளூர் அலுவலகத்துக்கு அதிகாரம் கிடையாது. வாஷிங்டன் அனுமதிக்க வேண்டும்.


ஹூஸ்டன்காரன் | வெள்ளி இரவு 10:31

இங்கே எழுதி ரொம்ப நாளாச்சு. இந்த இழையைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. நான் கால்வெஸ்டனுக்கு முக்கால் மணி நேரத் தூரத்தில் இருபத்தைந்து வருஷமாக இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் நாசாவுக்கு அடுத்து அங்கேதான் கூட்டிப் போவேன். பழைய தெருக்களில் நடந்தால் சில வீட்டுச் சுவரில் ஒரு சின்னப் பலகை இருக்கும்: 1900 புயலில் தப்பிய வீடு என்று. போன தடவை மாமியார் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, வீட்டு வாசற்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

உப்பங்கழி விட்டுவிட்ட முக்கியமான ஆள் ஐசக் க்ளைன். அந்த ஊர் வானிலை அதிகாரி. இவர் 1891ல் உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். கால்வெஸ்டனைப் புயல் அழித்துவிடும் என்று நினைப்பதே அபத்தமான பிரமை என்று. இத்தனைக்கும் அதே கரையில் கொஞ்சம் தெற்கே இண்டியனோலா என்ற துறைமுகம் 1875ல் ஒரு தடவை, 1886ல் இன்னொரு தடவை அடிவாங்கி, ஊரே காலியாகிவிட்டிருந்தது. அதைப் பார்த்துப் பயந்து கால்வெஸ்டனில் கடல்சுவர் கட்டலாம் என்று பேச்சு எழுந்தது. கட்டவில்லை. நிபுணரே வேண்டாம் என்கிறாரே, யார் பணம் போடுவார்கள்?

அந்தச் சனிக்கிழமை காலையில் அவர் வாஷிங்டனுக்கு அனுப்பிய தந்தியின் சாரம் இது: தென்கிழக்கிலிருந்து வழக்கத்துக்கு மாறான பெரிய அலை வருகிறது. ஊரின் தென்பகுதியில் மூன்று நான்கு தெரு உள்ளே தண்ணீர் வந்துவிட்டது. எதிர்க்காற்று அடிக்கும்போது கடல் இப்படி ஏறி இதுவரை பார்த்ததில்லை.

கடைசி வரியை இன்னொரு தடவை படியுங்கள். காற்று வடக்கிலிருந்து, நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கிறது. கடல் பின்வாங்க வேண்டும். அது ஏறுகிறது.


மல்லிகா வேதாரண்யம் | வெள்ளி இரவு 10:48

ஜனங்கள் என்ன செய்தார்கள்?


ஹூஸ்டன்காரன் | வெள்ளி இரவு 11:05

வேடிக்கை பார்க்கப் போனார்கள் அக்கா. கரையோரக் குளியல் கொட்டகைகளை அலை பிய்த்துப் போடுவதைப் பார்க்கக் கூட்டம். தெருவில் வந்த தண்ணீரில் பிள்ளைகள் மரத்துண்டைப் போட்டு ஓட்டம் விட்டு விளையாடினார்கள். முதல் நாளே எச்சரிக்கைக் கொடி ஏறிவிட்டது. சிவப்புத் துணி, நடுவில் கருப்புச் சதுரம். அந்த ஊரில் அந்தக் கொடியை அடிக்கடி பார்த்திருக்கிறார்கள்.

மத்தியானம் ஐசக்கின் தம்பி ஜோசப் (அவரும் அதே அலுவலகம்தான்) தந்தி அலுவலகத்துக்குத் தண்ணீரில் நடந்தே போனார். கம்பி அறுந்துவிட்டது. எப்படியோ தொலைபேசியில் ஹூஸ்டனைப் பிடித்து, கடல் வேகமாக ஏறுகிறது, ஊரில் பாதி தண்ணீரில் என்று சொன்னார். அப்புறம் அந்த இணைப்பும் போய்விட்டது. காற்றளவி மணிக்கு 100 மைல் காட்டிவிட்டுப் பறந்துபோனது.

ஐசக் வீடு பலமான வீடு என்று அக்கம்பக்கத்தார் ஐம்பது பேர் வந்து ஒண்டினார்கள். ராத்திரி ஏழரை மணிவாக்கில் அவர் வாசற்கதவருகே நிற்கிறார். நாலே நொடியில் தண்ணீர் நாலு அடி ஏறியது என்று அவரே அறிக்கையில் எழுதியிருக்கிறார். கொஞ்ச நேரத்தில், கடலோர டிராம் தண்டவாளம் பெயர்ந்து, நீளமாக அப்படியே மிதந்து வந்து வீட்டை இடித்தது. ஐம்பது பேரில் பிழைத்தவர்கள் 18. அவர் மனைவி கோரா அதில் போய்விட்டார். கர்ப்பிணி. மூன்று பெண் குழந்தைகளும் ஐசக்கும் தம்பியும் மிதந்த மரச் சிதிலத்தின் மேல் தொற்றிப் பிழைத்தார்கள்.

கரையில் ஓர் அநாதை இல்லம் இருந்தது. கன்னியாஸ்திரிகள் துணி உலர்த்தும் கயிற்றால் பிள்ளைகளைத் தங்கள் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டார்கள். பத்து கன்னியாஸ்திரிகள், தொண்ணூறு பிள்ளைகள். மூன்று பையன்கள் மட்டும் பிழைத்தார்கள்.


ஐசோபார் | வெள்ளி இரவு 11:37

அந்த "எதிர்க்காற்றில் ஏறும் கடல்" பற்றி மட்டும் எழுதிவிட்டுத் தூங்கப் போகிறேன். நாளைக்கு ஷிப்ட்.

ஊருக்குள் வடக்குக் காற்று. ஆனால் வெளியே, நூற்றுக்கணக்கான மைலுக்குப் பரந்த ஆழம் குறைந்த கடல் மேல், புயலின் முன்பக்கக் காற்று கரைக்கு இணையாகக் கிழக்கிலிருந்து மேற்கே அடித்துக்கொண்டிருக்கும். பூமி சுழல்வதால் வட அரைக்கோளத்தில் ஓடும் நீர் வலப்பக்கம் ஒதுங்கும். கிழக்கிலிருந்து மேற்கே ஓடும் நீருக்கு வலப்பக்கம் எது? வடக்கு. அதாவது டெக்சாஸ் கரை. ஒரு நாள் முழுக்க இப்படித் தள்ளினால், புயல் தொலைவில் இருக்கும்போதே கரையில் கடல் ஏறி நிற்கும். இது 2008ல் ஐக் புயலின்போது கருவி வைத்துத் துல்லியமாக அளக்கப்பட்டது. 1900லும் இதே வேலை நடந்திருக்கும் என்றே எனக்குப் படுகிறது. அதோடு புயல் அனுப்பிய நீள அலைகளும்.

க்ளைன் கண்ணெதிரே பார்த்தார், எழுதினார், தந்தி அடித்தார். அவர் படித்த பாடத்தில் அதற்கு விளக்கம் இல்லை. அவ்வளவுதான்.


சந்தேகப்பேர்வழி | சனி காலை 7:20

அவர் குதிரை வண்டியில் கடற்கரை முழுக்கப் போய், ஆயிரக்கணக்கானவர்களை மேட்டுக்குப் போகச் சொல்லிக் காப்பாற்றியதாகப் பின்னால் எழுதினாரே, அதை வரலாற்றாசிரியர்கள் பலர் நம்புவதில்லை. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மேட்டுக்கு என்றால் எந்த மேடு? ஒன்பதடி மேடா?


பாம்பன் பையன் | சனி காலை 8:02

கொடி என்று படித்ததும் எனக்கு எங்கள் அப்பா ஞாபகம். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றும் வேலை பார்த்தவர். இப்போது எழுபத்தெட்டு வயது.

கூண்டு பற்றி நம்மாட்களுக்கே சரியாகத் தெரியாது. டிவியில் "3ஆம் எண் இறக்கப்பட்டு 7ஆம் எண் ஏற்றப்பட்டது" என்றால் ஏதோ பரீட்சை மார்க் மாதிரி, எண் கூடக் கூடப் புயல் பெரிசு என்று நினைக்கிறோம். பாதிதான் சரி. 1, 2 தூரத்துச் செய்தி. எங்கோ கடலில் தாழ்வு மண்டலம், எங்கோ புயல். 3, 4 நம் துறைமுகத்துக்கான எச்சரிக்கை. 5, 6, 7 மூன்றும் ஒரே அளவு ஆபத்துதான். புயல் போகும் பாதைக்குத் துறைமுகம் இடப்பக்கம் விழுந்தால் 5, வலப்பக்கம் விழுந்தால் 6, நேராக மேலேயே வந்தால் 7. இதே மூன்றும் கடும்புயலுக்கு 8, 9, 10. ஆக 7 என்பது 5ஐவிடப் பலமான புயல் என்று அர்த்தமில்லை.

அப்பா சின்ன வயதில் எனக்கு இதை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்க வைத்தார். பகலில் கூம்பும் உருளையும், ராத்திரி சிவப்பு வெள்ளை விளக்கு. இந்த ஏற்பாடு கல்கத்தாவில் 1865ல் தொடங்கியது. 1864ல் அங்கே ஒரு பெரும்புயல் வந்து துறைமுகத்தைச் சூறையாடிய பிறகு.


ஐசோபார் | சனி காலை 8:15

அருமை தம்பி. இந்த இடம் வலம்தான் உயிர்நாடி. புயலின் வலப்பக்கத்தில் காற்று கடலைக் கரைமேல் தள்ளும். நம் ஊருக்குப் புயல் கிழக்கிலிருந்து வருவதால் வலப்பக்கம் என்றால் வடக்கு. தெற்கே இருப்பவர்களுக்குக் கடல் உள்வாங்கும். 1900ல் புயலின் மையம் கால்வெஸ்டனுக்குத் தென்மேற்கே கரையேறியது. ஊர் வலப்பக்கத்தில் மாட்டியது. அங்கே நம் கூண்டு இருந்திருந்தால் 9 ஏறியிருக்க வேண்டும்.

கல்கத்தா என்றதும் இன்னொன்று. "சைக்ளோன்" என்ற சொல்லையே அங்கே இருந்த ஹென்ரி பிடிங்டன்தான் உருவாக்கினார், 1840களில். பாம்பு சுருண்ட மாதிரி என்று கிரேக்கத்திலிருந்து எடுத்தார். மாத்லா ஆற்றில் கேனிங் துறைமுகம் கட்டத் திட்டம் போட்டபோது, இங்கே கட்டினால் ஒரு நாள் கடல் வாரிக்கொண்டு போகும் என்று 1853ல் கவர்னர் ஜெனரலுக்கே எழுதினார். கட்டினார்கள். 1867ல் வாரிக்கொண்டு போனது. சந்தேகப்பேர்வழி சார், "ஞானி சொன்னான்" கதை சில சமயம் உண்மையாகவும் இருக்கிறது.


சந்தேகப்பேர்வழி | சனி காலை 8:21

:) சரி, ஒரு பாயிண்ட் உங்களுக்கு.

பாம்பன் தம்பி, 11ஆம் எண் என்று ஒன்று உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். 10தானே உச்சம்? 11 என்ன?


பாம்பன் பையன் | சனி காலை 8:24

அப்பாவிடம் நடைமுறை கேட்டுவிட்டுச் சொல்கிறேன். தூங்குகிறார்.


ஹூஸ்டன்காரன் | சனி மாலை 6:10

தூங்கி எழுந்து பார்த்தால் இழை ஓடிவிட்டது. இதே ஊரை வைத்தே மீதியைச் சொல்கிறேன். புயல் எச்சரிக்கையின் கதை முழுக்க இந்த ஊரைச் சுற்றியே நடந்திருக்கிறது.

1900க்குப் பிறகு பதினேழு அடி உயரக் கடல்சுவர். 1902ல் தொடங்கினார்கள். அது போதாது என்று ஊரையே தூக்கினார்கள். விளையாட்டில்லை. இரண்டாயிரம் கட்டடங்களுக்கு மேல் ஜாக்கி வைத்து உயர்த்தி, அடியில் கடல் மணலைக் குழாயில் கொண்டுவந்து கொட்டினார்கள். மூவாயிரம் டன் தேவாலயம் ஒன்றும் அப்படி எழும்பியது. 1915ல் கிட்டத்தட்ட அதே பலத்தில் ஒரு புயல் வந்தபோது ஊர் நின்றது.

1943 ஜூலையில் ஒன்று. யுத்த காலம். ஜெர்மன் நீர்மூழ்கிகளுக்குத் தகவல் போய்விடும் என்று கப்பல்களின் ரேடியோவை நிறுத்தி வைத்திருந்தார்கள். வானிலைச் செய்திக்கும் தணிக்கை. கால்வெஸ்டன் விரிகுடாவுக்குள் புயல் வந்து நிற்கும்வரை பலருக்குத் தெரியாது. 19 பேர் பலி. மறுபடி 1900 மாதிரியே, செய்தியை அடைத்து வைத்ததால். அதே நாள், உள்ளே பிரையன் என்ற ஊரின் விமானத் தளத்தில் ஜோசப் டக்வொர்த் என்ற பயிற்சி அதிகாரி ஒரு சின்ன ஒற்றை இன்ஜின் பயிற்சி விமானத்தை எடுத்துக்கொண்டு புயல் கண்ணுக்குள்ளேயே போய்த் திரும்பினார். பந்தயம் கட்டிப் போனார் என்று சொல்வார்கள். திரும்பி வந்ததும் வானிலை அதிகாரி "என்னையும் கூட்டிப் போ" என்று ஏறிக்கொள்ள, இரண்டாம் தடவையும் போனார். இன்றைக்கு விமானம் புயலுக்குள் போய் அளப்பதெல்லாம் அந்த வழியில் வந்ததுதான்.

1961 கார்லா. கால்வெஸ்டன் வானிலை அலுவலகத்தில் புது ரேடார். டான் ராதர் என்ற உள்ளூர் டிவி நிருபர் அங்கே போய் உட்கார்ந்து, ஒரு பிளாஸ்டிக் தாளில் வளைகுடாக் கரையை வரையச் சொல்லி, அதை ரேடார் திரைமேல் பிடிக்க வைத்தார். புயல் எவ்வளவு பெரிசு என்று ஜனங்கள் முதன்முதலில் கண்ணால் பார்த்தார்கள். மூன்று லட்சம் பேருக்கு மேல் கரையை விட்டுக் கிளம்பினார்கள். அத்தனை பெரிய புயலில் அமெரிக்காவில் இறந்தவர்கள் ஐம்பதுக்குள்.

ஒரு பிளாஸ்டிக் தாள்!


மல்லிகா வேதாரண்யம் | சனி மாலை 6:44

அப்போ எச்சரிக்கை நன்றாக வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறீர்களா தம்பி?


ஹூஸ்டன்காரன் | சனி இரவு 7:30

அங்கேதான் அக்கா கதை கெடுகிறது. 2005 ரீட்டா.

கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்து நாலு வாரம்கூட ஆகவில்லை. கூரைமேல் நின்று கையாட்டிய ஜனங்களை டிவியில் பார்த்த பயம் எல்லாருக்கும். ரீட்டா வளைகுடா நடுவில் மணிக்கு 175 மைலுக்கு மேல், வகை 5 (காற்று வேகத்துக்குப் போடும் எண்ணில் அதுதான் உச்சம்). வரைபடம் நேராக எங்களைக் காட்டுகிறது. பெரியவளுக்கு அப்போது பதினோரு மாதம். வியாழன் விடிகாலை டல்லாஸுக்குக் கிளம்பினோம். 240 மைல். சாதாரண நாளில் நாலு மணி நேரம். எங்களுக்கு ஆனது இருபத்திரண்டு மணி நேரம்.

இருபத்தைந்து லட்சம் பேர் ஒரே நேரத்தில் ரோட்டில். கிளம்ப வேண்டியவர்கள் கரையோரத்தார் மட்டும்தான். ஆனால் உள்ளே பயமில்லாத இடத்தில் இருந்தவர்களும் கிளம்பிவிட்டார்கள். நாங்களும் அதில் சேர்த்திதான், ஒப்புக்கொள்கிறேன். வெயில் கொளுத்துகிறது. பெட்ரோல் தீர்ந்துவிடும் என்று ஏசி போடவில்லை. மனைவி கட்டிக்கொண்டு வந்த தயிர்சாதம் மத்தியானமே புளித்துவிட்டது. புளியோதரைதான் காப்பாற்றியது. பக்கத்துக் காரில் ஒரு மெக்சிகோக்காரப் பாட்டி, எங்கள் குழந்தைக்கு ஈரத் துணி கொடுத்தார். அவருக்கு இரண்டு கரண்டி புளியோதரை கொடுத்தோம். காரம் தாங்காமல் சிரித்தார்.

புயல் கடைசியில் கிழக்கே திரும்பி லூயிசியானா எல்லையில் ஏறியது. டெக்சாஸில் இறந்தவர்களில் பெரும்பாலோர், நூறு பேருக்கு மேல், அந்த வெளியேற்றத்தில் இறந்தவர்கள். வெயிலில், விபத்தில். முதியோர் இல்லத்தாரை ஏற்றிவந்த பேருந்து தீப்பிடித்து 23 பேர்.

மூன்று வருஷம் கழித்து ஐக் வந்தது. 2008 செப்டம்பர் 13. எங்கள் தெருவில் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "வகை 2 தானே? ரீட்டா 5. அதற்கே ஒன்றும் ஆகவில்லை." கால்வெஸ்டனில் ஆயிரக்கணக்கானவர்கள் கிளம்பவே இல்லை. வானிலை அலுவலகம் பொறுமை இழந்து, தாழ்வான கரையோரச் சிறு வீடுகளில் தங்குபவர்கள் நிச்சய மரணத்தைச் சந்திக்கலாம் என்றே எழுதியது. அரசு அறிக்கையில் அப்படி ஒரு சொல்லை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

புயல் வருவதற்கு முந்தின நாள் காலை, மழைகூட இல்லை. கால்வெஸ்டனுக்குப் பக்கத்துப் பொலிவர் தீபகற்பத்தில் அதற்குள் ரோட்டின் மேல் கடல். ஐசோபார் சொன்ன அதே கதை. கிளம்பலாம் என்று மத்தியானம் முடிவெடுத்தவர்களுக்கு ரோடே இல்லை. அங்கே ஏறியது பதினைந்திலிருந்து இருபது அடி. பிறகு போய்ப் பார்த்தேன். தெருக்கணக்கில் வீடே இல்லை, வீடு நின்ற மரக்கால்கள் மட்டும் வரிசையாக.


ஐசோபார் | சனி இரவு 8:05

ஐக்தான் அந்த வகை எண்ணின் மானத்தை வாங்கியது. சாபிர்-சிம்ப்சன் அளவுகோல் என்பது காற்றின் வேகத்துக்கு மட்டும் போடும் எண். பழைய அட்டவணையில் ஒவ்வொரு வகைக்கும் இத்தனை அடி கடல் ஏறும் என்றும் போட்டிருந்தார்கள். ஆனால் கடல் எவ்வளவு ஏறும் என்பது புயலின் அகலம், கடலடியின் சரிவு, கரையின் வளைவு எல்லாவற்றையும் பொறுத்தது. ஐக் பெரிய உடம்புக்காரன். ஆகவே 2010லிருந்து அந்த அட்டவணையில் கடல் ஏற்றத்தை எடுத்துவிட்டார்கள். 2017லிருந்து அதற்குத் தனி எச்சரிக்கை.

1963 முதல் 2012 வரை அமெரிக்காவில் புயல் நேரடியாகக் கொன்றவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் தண்ணீரால் போனவர்கள். அதில் பாதி கடல் ஏறியதால். காற்றுக்குப் போடும் எண்ணைப் பார்த்துத் தண்ணீருக்குப் பயப்படுவதா வேண்டாமா என்று முடிவெடுத்தால் இதுதான் கதி.

பாதைக் கணிப்பு மட்டும் மலை ஏறியிருக்கிறது. 1990 வாக்கில் மூன்று நாள் கணிப்பு சராசரியாக 300 கடல் மைல் தவறும். இப்போது நூறு சுமார். ஆனால் பலம் திடீரென்று கூடுவது இன்னும் தண்ணி காட்டுகிறது. 2023 அக்டோபரில் ஓட்டிஸ், மெக்சிகோவின் அகபுல்கோவில். சாதாரண வெப்பமண்டலப் புயலாக இருந்தது, ஒரே நாளில் வகை 5 ஆகி ராத்திரி கரையேறியது. அதை எந்தக் கணினி மாடலும் பிடிக்கவில்லை.


உப்பங்கழி | சனி இரவு 8:19

செயற்கை நுண்ணறிவு வந்து எல்லாம் மாறிவிடும் என்கிறார்களே?


ஐசோபார் | சனி இரவு 8:33

பாதையில் பிரமாதம். 2023ல் லீ புயல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஏறும் என்று கிராப்காஸ்ட் என்ற செயற்கை நுண்ணறிவு மாடல் ஒன்பது நாள் முன்பே காட்டியது. சூப்பர் கம்ப்யூட்டரில் மணிக்கணக்கில் ஓடுவது இதில் ஒரு நிமிஷத்தில் முடிகிறது. அது கற்றுக்கொண்டது பழைய புயல்களிலிருந்து. இதுவரை நடக்காத ஒன்று நடந்தால் என்ன சொல்லும் என்பதில்தான் எனக்கு உதறல். "இதுவரை பார்த்ததில்லை" என்று க்ளைன் எழுதிய அந்தக் காலையை நினைத்துக்கொள்வேன்.


மல்லிகா வேதாரண்யம் | சனி இரவு 9:10

நான் படிப்பாளி இல்லை, பள்ளிக்கூட டீச்சர். கஜாவைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

2018 நவம்பர். பல நாளாக டிவியில் "கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையே கரையைக் கடக்கும்". கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையே பாதித் தமிழ்நாடு இருக்கிறது. எங்கள் வீட்டுக்காரர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஆனால் 15ஆம் தேதி தெளிவாகவே சொல்லிவிட்டார்கள், நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே என்று. தாழ்வான இடத்து ஜனங்களை முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். குறை சொல்ல மாட்டேன். அந்த எச்சரிக்கையால் பிழைத்தவர்கள் ஏராளம்.

ஆனால் நாங்கள் பயந்தது கடலுக்கு. எல்லாரும் சுனாமியைப் பார்த்தவர்கள். சாமான்களை மேலே ஏற்றினோம், அரிசி மூட்டையைப் பரண்மேல் வைத்தோம். ராத்திரி வந்தது காற்று. ஓடு பறந்து, பரண்மேல் வைத்த அரிசிதான் முதலில் நனைந்தது. காலையில் பின்வாசல் கதவைத் திறந்தால் வெளிச்சம். எப்போதும் அந்தப் பக்கம் இருட்டாக இருக்கும், தென்னந்தோப்பு. மாமனார் வைத்த மரங்கள். ஒன்றுகூட நிற்கவில்லை, எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தன, வாரிவிட்ட தலைமுடி மாதிரி.

ஹூஸ்டன் தம்பிக்கு எண்ணைப் பார்த்து ஏமாந்த கதை. எங்களுக்குப் போன தடவை வந்ததைப் பார்த்து ஏமாந்த கதை.


சந்தேகப்பேர்வழி | சனி இரவு 9:26

அக்கா, இதைப் படித்துவிட்டுப் பத்து நிமிஷம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

அந்த "கடலூர் பாம்பன்" கிண்டலுக்கு மட்டும் ஒரு பதில். அதுதான் நேர்மையான அறிவிப்பு. அமெரிக்கர்களும் கூம்பு மாதிரி ஒரு படம் போடுகிறார்களே, புயலின் மையம் அதற்குள் மூன்றில் இரண்டு தடவைதான் இருக்கும் என்பது அந்தக் கூம்பின் கணக்கு. மீதி ஒரு தடவை வெளியே. அதைக் கோட்டுக்கு வெளியே இருப்பவன் "நான் தப்பித்தேன்" என்று படித்துக்கொள்கிறான். மழையும் காற்றும் கூம்புக்குள் அடங்குமா? 2024ல் ஃபெஞ்சல் புதுச்சேரி பக்கம் கரையேறியது. பிறகு கடலே பார்க்காத ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை.


நிர்வாகி | சனி இரவு 9:40

இழை நன்றாகப் போகிறது. சென்னை மழை விடுமுறை மீம்களை வேறு இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே போடாதீர்கள்.


பாம்பன் பையன் | ஞாயிறு காலை 10:55

அப்பாவிடம் கேட்டேன். 11 என்ன என்று கேட்டதும் சாய்வு நாற்காலியிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அது புயலுக்கான எண்ணே இல்லையாம். புயல் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்று அர்த்தம். தந்தி இல்லை, போன் இல்லை, வயர்லெஸ் இல்லை. புயல் எங்கே, எந்தப் பக்கம், எதுவும் தெரியாது. அங்கே நிற்கும் அதிகாரி கடலையும் வானத்தையும் பார்த்து, ஆபத்து என்று தானாக முடிவு செய்தால் ஏற்றலாம். யாரையும் கேட்க வேண்டாம். கேட்க ஆளும் இருக்காது.


உப்பங்கழி | ஞாயிறு காலை 11:02

அடேயப்பா. கால்வெஸ்டனில் அன்று தந்தியும் போனும் அறுந்த பிறகு இருந்தது அதே நிலைமைதான். அப்பா எத்தனை தடவை 11 ஏற்றியிருக்கிறார்?


பாம்பன் பையன் | ஞாயிறு காலை 11:09

ஒரு தடவைகூட இல்லை என்கிறார். ஆனால் வருஷா வருஷம் ஐப்பசி பிறப்பதற்கு முன்னால் அந்தக் கொடிமரத்துக் கப்பிக்கு கிரீஸ் போட்டுவிட்டு, கயிற்றை மேலே கீழே இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பாராம். இப்போது அங்கே யார் இருக்கிறார்கள், கிரீஸ் போடுகிறார்களா என்று என்னைப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்கிறார். சாயங்காலம் போகிறேன்.